பழைய ஸ்போர்ட்ஸ் பைக்க மலை ரோட்டுக்கு ஏத்த ஸ்ட்ரீட்ஃபைட்டரா மாத்துறது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் வீட்டு ஷெட்டுல ஒரு பழைய ஆர்15-ஓ கரிஸ்மாவோ சிபிஆர்250-ஓ தார்ப்பாய் போத்தி நின்னுட்டு இருக்கும். ஈர ரோட்டுல ஒரு தடவ சாஞ்சிருக்கும், ஃபேரிங் (வண்டிய மூடி வர்ற பிளாஸ்டிக் கவசம்) உடைஞ்சிருக்கும், புது ஃபேரிங் விலையக் கேட்டுட்டு அப்படியே ஓரமா நிறுத்திருப்பாங்க. எஞ்சின் நல்லா இருக்கும், சேஸ் நேரா இருக்கும், பிளாஸ்டிக் மட்டும்தான் போயிருக்கும். ஸ்ட்ரீட்ஃபைட்டர்னு ஒரு வண்டி வகை பொறந்ததே இதே மாதிரிதாங்க. 1980-கள்ல இங்கிலாந்துல பசங்க கீழ விழுந்த ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மறுபடி ஃபேரிங் வாங்க காசில்லாம, உடைஞ்சத கழட்டிப் போட்டுட்டு அகலமான ஹேண்டில்பாரும் ரெண்டு லைட்டும் மாட்டி ஓட்ட ஆரம்பிச்சாங்க. 1985-ல வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 அதுக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி. அப்புறம் கம்பெனிகளே அந்த வழிக்கு வந்துட்டாங்க, ட்ரயம்ஃப் 1994-ல ஸ்பீட் ட்ரிபிள் விட்டாங்க, 1997-ல அதுக்கு ரெண்டு உருண்டை லைட் வச்சாங்க, டுகாட்டி 2009-ல ஸ்ட்ரீட்ஃபைட்டர்ங்கிற பேர்லயே ஒரு வண்டி கொண்டுவந்தாங்க.

இங்க மலைல இருக்கிறவங்களுக்கு இந்த மாத்தம் அழகுக்கு மட்டும் இல்ல. கிளிப்-ஆன் ஹேண்டில் (ஸ்போர்ட்ஸ் பைக்குல தாழ்வா ரெண்டு துண்டா வர்றது) வச்ச வண்டில குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்கிப் பாருங்க, உடம்பு எடை மொத்தமும் மணிக்கட்டுல வந்து உக்காந்துக்கும், பர்லியாறு வர்றதுக்குள்ள கை மரத்துப்போயிடும், மரத்துப்போன விரலோட பிரேக் பிடிக்கிறது நல்லதில்ல. கொண்டை ஊசி வளைவுல ஹேண்டில முழுசா ஒடிக்கவும் கஷ்டம். நேரான, கொஞ்சம் அகலமான ஹேண்டில் வந்தா இது ரெண்டும் சரியாகும். அதனால நான் சொல்ற வரிசை வேற மாதிரி இருக்கும். நெட்ல பாக்குற வீடியோல முதல்ல பின்பக்கத்த வெட்டுவாங்க, ஏன்னா படத்துல அதுதான் தெரியும். மலைக்கு வேணுங்கிறது முன்பக்கம், அதாவது ஹேண்டில், பிரேக், லைட் மூணும்தான். பின்பக்கத்த அப்படியே விடுங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

வண்டி எடுக்கும்போது

வண்டியப் பாக்கப் போகும்போது ஃபேரிங் எப்படி இருக்குன்னு பாக்கவே வேணாம், அது எப்படியும் கழறப்போகுது, அதக் காட்டியே விலையக் குறைச்சுக் கேளுங்க. பாக்க வேண்டியது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கிற ரெண்டு குழாய். குழாய்ல துருப் புள்ளி இருக்கா, ஆயில் கசியுதா, பின்னாடி நின்னு பாத்தா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டுல இருக்கா. முன் சக்கரத்த தரையில இருந்து தூக்கி ஹேண்டில மெதுவா திருப்புங்க, நடுவுல எங்கயாவது ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி நின்னா கோன் செட் (ஹேண்டில் திரும்புற கழுத்து பேரிங்) போயிருச்சுன்னு அர்த்தம், அது பெரிய செலவு இல்ல ஆனா பேரம் பேச உதவும். ஹேண்டில் ஒடியுறத நிறுத்துற தடுப்பு ஒண்ணு சேஸ் கழுத்துல இருக்கும், அது நசுங்கியோ உடைஞ்சோ இருந்தா வண்டி பலமா அடிவாங்கிருக்கு, அந்த வண்டிய விட்டுடுங்க.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் ஒரு வட்டத்துக்குள்ள இருக்கும். 2319-னு இருந்தா 2019-ஓட 23-ஆவது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். ரொம்ப நாள் நின்ன வண்டில பட்டன் (டயர் மேல இருக்கிற வெட்டு) நல்லா தெரிஞ்சாலும் ரப்பர் கல்லாயிருக்கும், இங்க இருக்கிற குளிருக்கும் ஈரத்துக்கும் அந்த டயரோட வளைவுக்குள்ள போகக்கூடாது, யோசிக்காம மாத்துங்க.

ஒரே குடும்பத்துல ஃபேரிங் இல்லாத வண்டியும் இருக்கிற மாடலா கிடைச்சா பாதி தலைவலி குறையும். ஆர்15 மூணாவது வெர்ஷனுக்கு எம்டி-15 இருக்கு, ஆர்எஸ்200-க்கு என்எஸ்200 இருக்கு, ஆர்சி 390-க்கு ட்யூக் 390 இருக்கு. அந்த வண்டிகளோட ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், லைட் பிராக்கெட் இதெல்லாம் ஸ்பேர் கடைலயே கிடைக்கும். ஆனா அண்ணன் தம்பி வண்டிதானே அப்படியே மாட்டிக்கும்னு நம்பி வாங்காதீங்க, ஃபோர்க் தடிமன், கழுத்துத் தண்டு தடிமன், ரெண்டு ஃபோர்க்குக்கும் நடுவுல உள்ள தூரம் இது மூணையும் வெர்னியர் வச்சு அளந்துட்டு வாங்குங்க.

பேப்பர் விஷயம். ஆர்சி புக்ல இருக்கிற எஞ்சின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டில இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும், ஃபைனான்ஸ் பாக்கி இருந்தா அடைச்ச சான்று வேணும், ரெஜிஸ்டர் பண்ணி 15 வருஷம் ஆயிருந்தா புதுப்பிக்கணும், அது அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவ வரும். புதுப்பிக்க வேண்டிய வண்டியா இருந்தா அந்த வேலைய முடிச்சிட்டு அப்புறமா ஸ்பேனரத் தொடுங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்சில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. அனுமதி இல்லாத மாத்தத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ உண்டு. எஞ்சின் மாத்துறது, சேஸ வெட்டுறது, கலர் மாத்துறது இதெல்லாம் நேரடியா ஆர்சியத் தொடுற விஷயம். அதனால நான் இங்க சொல்ற எல்லாமே சேஸ்ல வெட்டோ வெல்டிங்கோ இல்லாம, எப்ப வேணும்னாலும் பழையபடி திருப்பி மாட்டக்கூடிய வேலைதான். அப்பவும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஊட்டி ஆர்டிஓ ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டரப் பாத்து என்ன பண்ணப்போறீங்கன்னு சொல்லி கேட்டுடுங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல சொல்லிடுங்க, சொல்லாம விட்டா கிளைம் நேரத்துல அதையே காரணமா காட்டுவாங்க. கழட்டுன ஒரிஜினல் பார்ட்ஸ் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க, எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைங்க.

கழட்டுறது

கழட்டுறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. ஒவ்வொரு பேனல் போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு மேல பேர் எழுதுங்க. ஃபேரிங் வந்ததும் உள்ள ஒரு கூட்டமே தொங்கும், ஒயரிங் கப்ளர் (ஒயர்கள சேக்குற சொருகி), ஹாரன், கூலன்ட் ஓவர்ஃப்ளோ பாட்டில், சில வண்டில ரெகுலேட்டர், இன்ஜெக்ஷன் வண்டியா இருந்தா வண்டி சாஞ்சா எஞ்சின ஆஃப் பண்ற ஒரு சென்சார். ஒயர் நீளமா இருக்குன்னு எதையும் வெட்டாதீங்க. முக்கியமா அந்த சாய்வு சென்சார், அது முன்னாடி எந்த திசைல எந்த நிலைல இருந்துச்சோ அதே நிலைல வேற இடத்துல இறுக்கமா மாட்டணும், தலைகீழாவோ சாய்வாவோ மாட்டுனா ஒண்ணு வண்டி ஸ்டார்ட் ஆகாது, இல்ல வளைவுல சாயும்போது எஞ்சின் நின்னுடும்.

ரேடியேட்டர் இப்ப வெளில தெரியும். மண்சரிவு வந்து அள்ளிப்போட்ட ரோட்டுல எல்லாம் பொடிக்கல்லு கிடக்கும், முன்னாடி போற வண்டி டயர்ல இருந்து தெறிச்சா நேரா ரேடியேட்டர்ல வந்து அடிக்கும், அதனால அலுமினிய வலை ஒண்ணு போடுங்க, கண்ணு பெருசா இருக்கட்டும், ரொம்ப நெருக்கமான வலை காத்த அடைச்சிரும். ஊட்டி குளிர்ல சூடாகாதுன்னு நினைக்காதீங்க, சீசன்ல டூரிஸ்ட் வண்டி வரிசைல மாட்டி முதல் கியர்லயே ஏறும்போது ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்கும். கூலன்ட் பாட்டில பழைய உயரத்துக்குப் பக்கத்துலயே, சைலன்சர் சூடு படாத இடமா பாத்து வைங்க.

ஹேண்டில்பார், இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

கிளிப்-ஆன் ஃபோர்க் குழாயிலேயே கடிச்சு நிக்கும். நேரான ஹேண்டிலுக்கு ரெண்டு ஃபோர்க்கையும் மேல சேத்துப் பிடிக்கிற டி-பிளேட்டுல கிளாம்ப் உக்கார இடம் வேணும். ஸ்போர்ட்ஸ் பைக் பிளேட்டுல அந்த இடம் இருக்காது, பல வண்டில அது வார்ப்பு அலுமினியம், அடில குழிவா மெல்லிசா இருக்கும், அதுல துளை போட்டு கிளாம்ப் மாட்டுறது ரொம்ப ஆபத்து. ஒருநாள் குழில இறங்கும்போது விரிசல் விட்டா ஹேண்டில் கையோட வந்துடும். வெல்டிங்கும் வேணாம். ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, அதே அளவு வர்ற ஃபேரிங் இல்லாத வண்டியோட டி-பிளேட். கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய பார்ட்ஸ் கடைங்க இருக்கு, அங்க தேடிப்பாருங்க, பில் இல்லாம வாங்காதீங்க. ரெண்டாவது, புதுசா செய்யுறது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத்தும் சிஎன்சியும் வச்சிருக்கிற பட்டறைங்க நிறைய, பழைய பிளேட்டக் கொண்டுபோய்க் கொடுத்து 6061-டி6 அலுமினியக் கட்டில இருந்து வெட்டித் தரச் சொல்லுங்க. "அண்ணா, கிளாம்ப் போல்ட் வர்ற இடத்துல அடிவரைக்கும் கட்டியா விடுங்க, குழிச்சிடாதீங்க"ன்னு வாயால சொல்லுங்க, வரைஞ்சும் கொடுங்க. சாவி லாக் உக்காரும் இடத்தையும் மறக்காம அளக்கச் சொல்லுங்க, ஹேண்டில் லாக் வேலை செய்யலேன்னா வண்டிய எங்கயும் நிறுத்த முடியாது.

மாட்டும்போது கீழ் பிளேட் ஃபோர்க்கப் பிடிச்சிருக்கும், அதனால மேல உள்ளத மட்டும் கழட்டி மாத்தலாம், ஃபோர்க்க உருவ வேண்டியதில்ல. ஆனா வண்டி ஸ்டாண்டுல ஆடாம நிக்கணும், முன் சக்கரம் தூக்கி இருக்கணும். ஃபோர்க் குழாய் பழைய பிளேட்டுக்கு மேல எத்தன மிமீ தெரிஞ்சுதோ அதே அளவுல ரெண்டு பக்கமும் விடுங்க, அந்த அளவு மாறினா வண்டி திரும்புற குணமே மாறிடும். கோன் செட்ட இறுக்குறதுல ஒரு கணக்கு இருக்கு, சக்கரம் தூக்கி இருக்கும்போது ஹேண்டில லேசா தட்டுனா ரெண்டு பக்கமும் தானா விழணும், ஃபோர்க்கோட அடியப் பிடிச்சு முன்னபின்ன ஆட்டுனா டக் டக்குன்னு ஆட்டம் தெரியக்கூடாது.

எவ்வளவு அகலம்? கடைல 780, 800 மிமீ-ல எல்லாம் தடிச்ச பார் வச்சிருப்பாங்க. குன்னூர் மார்க்கெட் சந்துக்குள்ள பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல அத வச்சு என்ன பண்ணுவீங்க, 700 மிமீ பக்கம் போதும். உயரமும் அதிகம் வேணாம். இது முக்கியம், உயரமான ஹேண்டில் போட்டா உடம்பு பின்னாடி சாயும், முன் சக்கரத்து மேல இருக்கிற எடை குறையும், சமவெளில அது தெரியாது, ஆனா கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி இருக்கிற ஏத்தத்துல பின்னாடி ஆள் வேற உக்காந்திருந்தா முன் சக்கரம் மிதக்குற மாதிரி ஆயிடும், ஒடிச்ச பக்கம் போகாம வண்டி அகலமா போயி எதிர்ல வர்றவன் பக்கம் நிக்கும். கொஞ்சம் முன்னாடி சாஞ்ச மாதிரியே உக்காருற உயரம்தான் சரி.

மாட்டியாச்சா, இப்ப ஹேண்டில இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் ஒடிச்சுப் பாருங்க. பாரோ சுவிட்சோ டேங்க்ல இடிக்கக்கூடாது, கட்டைவிரல் நடுவுல மாட்டக்கூடாது. இன்னும் கொஞ்சம் ஒடிஞ்சா நல்லா இருக்குமேன்னு கழுத்துத் தடுப்பக் கிரைண்டர்ல தேய்க்கிறவங்க இருக்காங்க, தேய்ச்சா ஃபோர்க் போயி டேங்க்லயோ ரேடியேட்டர்லயோ இடிக்கும், தொடவே தொடாதீங்க. அப்புறம் எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்க. ஆர்பிஎம் ஒரு சிட்டிகை ஏறினாலும் ஆக்சிலேட்டர் கேபிள் பத்தலன்னு அர்த்தம். கொண்டை ஊசில முழுசா ஒடிச்சு நிக்கும்போது வண்டி தானா ரேஸ் ஆனா என்ன நடக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. நீளமான கேபிள் வாங்குங்க, இல்ல போற பாதைய மாத்துங்க.

பிரேக்

ஹேண்டில் மேல வந்ததால பழைய முன் பிரேக் ஹோஸ் இழுத்துப் பிடிக்கும். எட்டுதேன்னு விடாதீங்க, ஃபோர்க் முழுசா நீண்டு, ஹேண்டில் முழுசா ஒடிஞ்ச நிலைலயும் ஹோஸ் தளர்வா இருக்கணும். ஸ்டீல் வலை போட்ட ஹோஸ அளவு சொல்லி செஞ்சு வாங்கலாம். மாட்டும்போது போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் வர்ற செம்பு வாஷர் புதுசா போடுங்க. ஏபிஎஸ் வண்டியா இருந்தா ஏபிஎஸ் யூனிட்டுல இருந்து வர்ற லைன நீங்களா தொடாம தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட விடுங்க.

பிரேக் ஆயில் டப்பா மூடில என்ன எழுதிருக்கோ அதான், பெரும்பாலும் டாட் 4. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும். அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், ஈரம் சேந்தா கொதிக்கிற சூடு குறைஞ்சிடும், நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாள் மூடுபனிதான், அதுக்கு மேல மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரே இறக்கம். காலிப்பர் (பேட வச்சு டிஸ்க்க அமுக்குற பாகம்) சூடாகி ஆயில் கொதிச்சா லீவர் கைப்பிடி வரைக்கும் சும்மா வரும், பிரேக் இருக்காது. நல்ல ஆயில், நல்ல பேட், அதோட ரெண்டாவது மூணாவது கியர்ல எஞ்சின் பிடில இறங்குற பழக்கம், மூணும் சேந்தாதான் பிரேக்.

லைட்டும் மீட்டரும்

இதுக்குன்னு விக்கிற மூஞ்சி மாதிரி முகமூடி லைட்டுங்க பாக்க கோவமா இருக்கும், ஆனா விலை கம்மியானதுல பல லைட்டுக்கு வெளிச்சம் ஒழுங்கா வெட்டி நிக்காது, எதிர்ல வர்ற பஸ் டிரைவர் கண்ணக் கூசும், பனில நம்ம கண்ணுக்கே வெள்ளச் சுவர் மாதிரி திரும்பி அடிக்கும். கம்பெனி வண்டிக்கு வந்த உருண்டை டூம் (ஹெட்லைட்) ஒண்ணு வாங்கி, ஃபோர்க் கிளாம்ப்ல மாட்டுங்க. வெளிச்சம் கீழ விழணும், இடது ஓரத்து வெள்ளக்கோடு தெரியணும், பனில அந்தக் கோடுதான் நம்ம வழி. வண்டிய சமதரைல, சுவர்ல இருந்து ஏழு ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி, நீங்க மேல உக்காந்து, லோ பீம் மேல் விளிம்பு டூம் நடு உயரத்துக்குக் கொஞ்சம் கீழ நிக்கிற மாதிரி திருப்பி இறுக்குங்க. ஊட்டில சமதரை கிடைக்கிறதுதான் கஷ்டம், ரசமட்டம் வச்சுப் பாத்துக்கோங்க.

மீட்டர் பழையதே இருக்கட்டும், ஒரு அலுமினியத் தகடு வளைச்சு ரப்பர் புஷ் வச்சு மாட்டுனா போதும். ஓடுன கிலோமீட்டர் அதுலதான் இருக்கு. எல்இடி இண்டிகேட்டர் மாட்டுனா படபடன்னு வேகமா மின்னும், ரிலேய மாத்தணும்.

தொங்குன கப்ளர் எல்லாத்தையும் டேங்க் அடிலயும் டூம் பின்னாடியும் ஒதுக்கிக் கட்டுங்க. ஃபேரிங் இருந்தவரைக்கும் மழை நேரா படல, இனிமே படும். ஒவ்வொரு கப்ளரையும் திறந்து டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வச்சு மூடுங்க, வாய் கீழ பாத்த மாதிரி இருக்கட்டும், தண்ணி உள்ள தேங்காது.

பின்பக்கத்த ஏன் வெட்டக்கூடாது

மத்திய மோட்டார் வாகன விதி 123-ல பின்னாடி உக்காருறவங்களுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மூடுற காப்பு மூணும் இருக்கணும்னு இருக்கு. பின் மட்கார்ட வெட்டிட்டு டெயில தூக்குனா இதெல்லாம் போயிடும், நம்பர் பிளேட்டும் சீட்டுக்கு அடில ஒளிஞ்சுக்கும். சட்டம் இல்லேன்னாலும் வெட்டாதீங்கன்னுதான் சொல்லுவேன், தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டுல ஒரு மழைநாள் போனா செம்மண் சேறு முதுகு வரைக்கும் வரும், ஷாக் மேலயும் அப்பும். ஆசையா இருந்தா சீட் கவர் மாத்துங்க, சின்ன டெயில் லைட் போடுங்க, அதோட நிறுத்திக்கோங்க.

சைலன்சரும் அதே மாதிரிதான். ஃப்ரீ ஃப்ளோ (சத்தத்த அடக்காத சைலன்சர்) போட்டு இந்தப் பள்ளத்தாக்குல ஓட்டுனா எதிர் மலை வரைக்கும் கேக்கும். கோத்தகிரி ரோட்டோரம் காட்டுமாடு மேய்ஞ்சுட்டு இருக்கும், கல்லாறு பர்லியாறு பக்கம் யானை கடக்கும், திடீர்னு கத்துற வண்டிய அதுங்க எப்படி எடுத்துக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. கம்பெனி சைலன்சரே இருக்கட்டும்.

பவர் வேணும்னா ஸ்ப்ராக்கெட்

ஊட்டி 2240 மீட்டர் உயரம், காத்து மெல்லிசு, எந்த வண்டியா இருந்தாலும் கீழ இருக்கிறதுல சுமார் அஞ்சுல ஒரு பங்கு இழுவை குறையும். இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோல தானா குறைச்சுக்கும். கார்ப்பரேட்டர் வண்டி குறைக்காது, பெட்ரோல் அதிகமாகி பிளக் கரியாகும், மேலயே ஓடுற வண்டின்னா மெயின் ஜெட் (கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை) ஒரு சைஸ் சின்னது போட்டு பிளக் நிறத்தப் பாருங்க, லேசான காப்பிக் கலர் வரணும். ஆனா அதே வண்டிய அடிக்கடி கோயம்புத்தூர் கொண்டுபோறவங்க சின்ன ஜெட்டோட கீழ விரட்டாதீங்க, எஞ்சின் சூடாகும்.

ஏத்தத்துக்கு உடனடியா பலன் தர்றது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடுற பல்சக்கரம். முன்னாடி 14, பின்னாடி 38 பல்லு இருக்கிற வண்டில முன்னாடி 13 போட்டா, இல்ல பின்னாடி 41 போட்டா, ரெண்டுமே கிட்டத்தட்ட எட்டு சதவீதம் இழுவை கூட்டும். டாப் ஸ்பீடு அதே அளவு குறையும், மலைல அது யாருக்கு வேணும். ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற வண்டியா இருந்தா மீட்டர் கொஞ்சம் கூட காட்டும்.

முதல் ஓட்டம்

எல்லா போல்ட்டையும் மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு (எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவு) டார்க் ரெஞ்ச் வச்சே இறுக்குங்க, கை அளவுல வேணாம், முக்கியமா டி-பிளேட், ஹேண்டில் கிளாம்ப், காலிப்பர், ஆக்ஸில். இறுக்குனதும் பெயின்ட் பேனால போல்ட்டுக்கும் பிளேட்டுக்கும் சேத்து ஒரு கோடு போடுங்க, போல்ட் திரும்புனா கோடு விலகித் தெரியும்.

முதல் நாள் காலைல ரோடு காஞ்சிருக்கும்போது, வண்டி நடமாட்டம் இல்லாத சமமான இடத்துல 20, 30 கிமீ வேகத்துல பிரேக் பிடிச்சுப் பாருங்க. ஹேண்டில லேசா பிடிச்சு வண்டி ஒரு பக்கம் இழுக்குதான்னு பாருங்க. அப்புறம் ஏத்தம். இறக்கம் கடைசிலதான், அதுவும் சின்ன இறக்கம், லவ்டேல்ல இருந்து கேத்தி வரைக்கும் போயிட்டு நிறுத்தி டிஸ்க்கப் பாருங்க, ஆயில் கசிவு இருக்கான்னு ஹோஸத் தொட்டுப் பாருங்க. மேட்டுப்பாளையம் இறக்கத்துக்கு அந்த வாரம் போகவே வேணாம். நூறு கிமீ ஆனதும் பெயின்ட் கோடு எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்து, கோன் செட்ட மறுபடி செக் பண்ணுங்க, புது பிளேட் உக்காந்ததுல கொஞ்சம் தளர்ந்திருக்கும். மழைக்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வருஷமும் கப்ளர் கிரீஸ், ரேடியேட்டர் வலைல அடைச்ச மண்ணு, ஹேண்டில் ஒடிக்கிற இடத்துல கேபிள் தேஞ்சிருக்கா, இந்த மூணையும் பாத்துடுங்க.